தறியும் தானியமும் உள்ள வீட்டில் ஒழுங்கு

பட்டணத்தில் உத்தியோகம் பார்ப்பவருக்கு அலுவலகம் ஓரிடம், வீடு ஓரிடம். மாலையில் அலுவலகக் கதவைச் சாத்திவிட்டால் அங்குள்ள காகிதமும் தூசியும் அவருடன் வீட்டுக்கு வருவதில்லை. நமது அங்கத்தினர்களின் நிலைமை வேறு. நெசவாளர் வீட்டில் தறி கூடத்திலேயே இருக்கிறது. விவசாயியின் வீட்டிலோ நெல் மூட்டை படுக்கும் அறையிலும், உர மூட்டை தாழ்வாரத்திலும், மருந்து தெளிக்கும் கருவி அடுப்படி மூலையிலும் இருக்கின்றன. தொழில் செய்யும் இடமும், உண்டு உறங்கிப் பிள்ளைகளை வளர்க்கும் இடமும் ஒரே கூரையின்கீழ் அமைந்துவிட்டன. ஆகவே வீட்டை ஒழுங்குபடுத்துவது என்பது நமக்கு அழகைப் பற்றிய விஷயம் மாத்திரமன்று. அது கூலியையும், சங்கக் கணக்கையும், சில சமயங்களில் உயிரையும் பற்றிய விஷயமாகும்.

இது குறித்து இக்காலத்தில் புத்தகங்கள் பல வெளிவந்துள்ளன. ஜப்பான் தேசத்து மேரி கோண்டோ என்ற அம்மையார் எழுதி, 2014-ஆம் வருஷம் ஆங்கிலத்தில் வந்த நூல் உலகெங்கும் பரவியது. ஒவ்வொரு பொருளையும் கையில் எடுத்து, அது மனத்துக்கு மகிழ்ச்சி தருகிறதா என்று பார்த்து, தராவிட்டால் நன்றி கூறி விலக்கிவிட வேண்டும் என்பது அவர் சொல்லும் வழி. துணிமணிகள் நிரம்பி வழியும் அலமாரிக்கு அது பொருந்தலாம். பழைய அச்சையோ களைக்கொத்தையோ கையில் எடுத்து, மகிழ்ச்சி தருகிறதா என்று கேட்டுக்கொண்டிருக்க நம்மால் இயலாது! நம் வீடுகளில் உள்ள நெருக்கடி பெரும்பாலும் அளவுக்கு மீறி வாங்கியதால் வந்ததன்று. இடம் சிறிது, தொழில் பெரிது என்பதால் வந்தது. எனவே எறிவதைக் காட்டிலும் இடங்கொடுப்பதே நமக்கு முதல் வேலை.

இடங்கொடுப்பது என்றால் என்ன என்பதற்கு வெளிநாட்டு நூல் எதுவும் வேண்டாம். நம் வீட்டு அஞ்சறைப் பெட்டியைப் பார்த்தாலே போதும். கடுகு ஓர் அறையில், மிளகு ஓர் அறையில், சீரகம் ஓர் அறையில். விளக்கில்லாத வேளையிலும் தாய்மார்களின் கை தவறுவதில்லை. மூடியைத் திறந்த மாத்திரத்தில் எது குறைந்திருக்கிறது என்பதும் தெரிந்துவிடும். பண்டம் எங்கே என்று தேடவேண்டுவதில்லை. இருப்பது தெரியாமல் மறுபடி வாங்கவேண்டுவதுமில்லை. அன்றாடம் வேண்டியது மாத்திரமே பெட்டியில் இருக்கிறது. மிச்சம் டப்பாவில் வேறிடத்தில் இருக்கிறது. சமையலறையில் இவ்வளவு ஒழுங்கைக் காண்கிற அதே வீட்டில், தறிக்கருகில் நாடாவும், கத்திரியும், அறுந்த விழுதும், காலிக் குச்சிகளும் ஒரே கூடையில் கிடப்பதற்குக் காரணம் என்ன? அந்தப் பகுதி ஆண்களுடைய பொறுப்பில் இருக்கிறது என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை.

தறியிலிருந்தே தொடங்குவோம். குழித்தறியில் அமர்ந்தவர் ஒரு சிறு சாமானுக்காக எழுந்து மீண்டும் குழியில் இறங்குவதென்றால், கைவேலையும் நிற்கிறது, மனத்தின் ஓட்டமும் நிற்கிறது. அமெரிக்காவில் பிராங்க் கில்பிரெத் என்பவர் கொத்தனார் வேலையை உற்றுக் கவனித்து, ஒரு செங்கல்லை வைப்பதற்குப் பதினெட்டு அசைவுகள் ஆவதைக் கண்டார். ஒவ்வொரு கல்லுக்கும் கொத்தனார் தரைமட்டம் வரை குனிந்து நிமிர்ந்ததே அவற்றில் பெரிய வீண். கல்லையும் சாந்தையும் கைக்கெட்டும் உயரத்தில் வைக்கும்படி சாரத்தை மாற்றி, அசைவுகளை ஐந்தாகக் குறைத்தார். இது நூறாண்டுக்கு முந்திய செய்தி. கொத்தனார் விரைந்து ஓடவில்லை. கல் அவர் கைக்கு அருகில் வந்தது, அவ்வளவே. நெசவாளருக்கும் இதுவே பொருந்தும். சுற்றிய தார்கள் ஒரு பக்கம், தீர்ந்த குச்சிகள் மறு பக்கம் என இரண்டு சிறு பெட்டிகள் உட்கார்ந்த நிலையிலேயே கையெட்டும் தூரத்தில் இருக்கவேண்டும். இரண்டும் ஒரே கூடையில் கலந்தால் ஒவ்வொரு முறையும் துழாவ வேண்டிவரும். கத்திரி, இழை பிணைக்கும் துண்டு நூல், அளவுகோல் ஆகியவற்றிற்குத் தறிச் சட்டத்திலேயே ஓர் ஆணியோ பையோ போதும். ஒரே ஒரு விதி: அங்கே வேறெதுவும் மாட்டலாகாது. சட்டையும் குடையும் பிள்ளைகளின் புத்தகப் பையும் அந்த ஆணிக்கு வந்துவிட்டால், கத்திரி தானாகத் தரைக்குப் போய்விடும்.

நூலின் விஷயம் இன்னும் முக்கியமானது. அது நம்முடையதன்று, சங்கத்தினுடையது. எடை போட்டு வாங்கி வருகிறோம். துணியாகவும் கழிவாகவும் எடை போட்டுத் திருப்பிக் கொடுக்கிறோம். பருத்தி நூலில் ஒரு சிட்டத்தின் நீளம் 840 கஜம் என்பதும், ஒரு பவுண்டு எடையில் எத்தனை சிட்டங்கள் உள்ளனவோ அதுவே அந்நூலின் நம்பர் என்பதும் அங்கத்தினர்கள் அறிந்ததே. 80-ஆம் நம்பர் நூலில் ஒரு சிட்டத்தின் எடை ஆறு கிராமுக்கும் குறைவு. கைக்குள் அடங்கும் அச்சிறு சிட்டத்தை ஒரு சுண்டெலி ஓரிடத்தில் கடித்துவிட்டால், 840 கஜமும் துண்டு துண்டாகிவிடும். எடையில் குறைவு தெரியாது. தறியில் ஏற்றும்போதுதான் தெரியும். கஞ்சி போட்ட பாவு என்றால் எலிக்கும் கரப்பானுக்கும் இரட்டிப்பு ஆசை, ஏனெனில் அது அவற்றிற்கு உணவு. சுண்டெலி நுழைவதற்குப் பென்சில் பருமனுள்ள ஓட்டை போதும். எனவே கோணிப்பையும் அட்டைப் பெட்டியும் நூலுக்குப் பாதுகாப்பாகா. மூடியுள்ள தகரப் பெட்டியே தகுந்தது.

அப்பெட்டியையும் ஈரச் சுவரை ஒட்டி வைக்கலாகாது. பருத்தி நூல் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. வியாபாரக் கணக்கில் உலர்ந்த பருத்தி நூலுக்கு 8.5 சதவீதம் ஈரம் சாதாரணமாகவே ஏற்றுக்கொள்ளப்படுகிறது. பட்டுக்கு 11 சதவீதம். மழைக்காலத்தில் இது கூடும், கோடையில் குறையும். ஐந்து கிலோ நூலில் ஈரம் ஒரு சதவீதம் மாறினாலே ஏறக்குறைய 50 கிராம் வித்தியாசம் வந்துவிடும். ஐப்பசியில் ஈரத்துடன் வாங்கிய நூலைப் பங்குனியில் துணியாகக் கொடுக்கும்போது எடை குறைகிறது என்று சங்கப் பண்டகசாலைக்காரருடன் சச்சரவு நேர்வதற்கு இதுவும் ஒரு காரணம். இருவரும் யோக்கியர்களே, இடையில் நின்று ஏமாற்றியது சுவரோரத்து ஈரம். தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் பலகைமேல், சுவருக்கும் பெட்டிக்கும் இடையே கை நுழையும் சந்து விட்டு வைத்தால் பூஞ்சணமும் பிடிப்பதில்லை, எலி ஒளியவும் வசதியில்லை.

பட்டு நெய்யும் அங்கத்தினர்களுக்கு ஜரிகை பற்றி ஒரு வார்த்தை. அசல் ஜரிகையில் உள்ளது வெள்ளி; மேலே பொன் முலாம். வெள்ளிக்குக் கந்தகம் பகை. ரப்பரைப் பதப்படுத்தக் கந்தகம் சேர்க்கிறார்கள். ஆதலால் ஜரிகைக் கண்டுகளை ரப்பர் வளையத்தால் கட்டிவைத்தால், வளையம் பட்ட இடம் கறுத்துப்போவதைக் காணலாம். பருத்தி நூலால் கட்டி, வெளுத்த பருத்தித் துணியில் சுற்றி, அடுப்புப் புகை எட்டாத இடத்தில் வைக்கவேண்டும். ஜக்கார்டு அட்டைகளையும் இங்கேயே சொல்லிவிடலாம். ஒரு கோலத்துக்கு உரிய அட்டைகள் வரிசை மாறாமல் ஒன்றாகக் கட்டப்பட்டு, கோலத்தின் பெயரும் எண்ணும் எழுதிய துண்டு ஒன்று தொங்க இருக்கட்டும். அடுத்த வருஷம் அதே கோலத்துக்கு ஆர்டர் வந்தால், ஓர் அட்டை காணாமற்போனாலும் முழுத் தொகுதியையும் புதிதாகத் துளைக்க நேரலாம். இவை பார்வைக்குக் குப்பைபோல் இருக்கும், எறியத்தகாதவை.

தறிக்குழியை எட்டிப் பார்ப்பவர் குறைவு. இருட்டாகவும் குளிர்ச்சியாகவும் உள்ள அந்த இடத்தில் பஞ்சுத் தூசியும், அறுந்த இழைகளும், எப்போதோ விழுந்த குச்சிகளும் சேர்ந்து கிடக்கின்றன. டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிப்பது. வீட்டுக்குள் இருண்ட மூலைகளில் தங்குவது. பகல் முழுவதும் முழங்கால்வரை குழியில் விட்டு மிதி மிதிப்பவரைவிட அக்கொசுவுக்கு வாய்ப்பான ஆள் வேறு யார்? கொசு பிறக்கும் இடம் குழியன்று. கொல்லையில் கிடக்கும் பழைய டயர், உடைந்த பானை, தேங்காய்த் தொட்டி, மூடாத தொட்டி ஆகியவற்றில் தேங்கும் நல்ல தண்ணீரே. முட்டை கொசுவாவதற்கு ஏறக்குறைய ஒரு வாரம் முதல் பத்து நாள் ஆகும். அதனால்தான் வாரத்துக்கு ஒரு முறை கொல்லையைச் சுற்றிவந்து, நீர் நிற்கும் பாத்திரங்களைக் கவிழ்க்கவும், தொட்டியின் உட்சுவரைத் தேய்த்துக் கழுவவும் சொல்கிறார்கள். மாதத்துக்கொரு முறை செய்தால் அது கொசுவுக்குப் போதிய அவகாசம் கொடுத்ததாகும். தேய்ப்பதும் அவசியம், நீர் வற்றிய பின்னும் முட்டைகள் பாத்திரத்தின் விளிம்பில் பல மாதம் ஒட்டிக்கொண்டு உயிரோடிருக்கும்.

இனி, இக்கட்டுரையில் எதைப் படிக்காவிட்டாலும் இதை மட்டும் படிக்கவேண்டும் என்று நான் கருதும் பகுதிக்கு வருவோம்.

பயிருக்குத் தெளிக்கும் பூச்சிமருந்து, களைக்கொல்லி, சாயம் போட உதவும் காஸ்டிக் சோடா, ஹைட்ரோஸ், சலவைத் தூள் ஆகியவை உணவும் உறக்கமும் உள்ள வீட்டுக்குள் இருக்கவே கூடாதவை. வேறிடமில்லை என்பதால் இருக்கின்றன. இருக்கவேண்டி வந்தால் அவற்றிற்குத் தனிப் பெட்டி, தனிப் பூட்டு, குழந்தைக்கு எட்டாத உயரம் ஆகிய மூன்றும் வேண்டும். மூன்றில் இரண்டு போதாது. மிச்சமிருக்கும் மருந்தை எக்காரணத்தாலும் சர்பத்துப் புட்டியிலோ, சோடாப் புட்டியிலோ, பழைய எண்ணெய்க் குப்பியிலோ ஊற்றி வைக்கலாகாது. அண்டை வீட்டுக்காரர் கொஞ்சம் கேட்டார் என்று அப்படி ஊற்றிக் கொடுக்கும் வழக்கம் நம் கிராமங்களில் உண்டு. தாகத்தோடு வரும் பிள்ளைக்குப் புட்டியின் வடிவம்தான் தெரியும். உள்ளே இருப்பது தெரியாது. பெரியவர்களும் இருட்டில் ஏமாறுகிறார்கள்.

மருந்துப் புட்டியின் சீட்டில் சதுரமொன்றைக் குறுக்கே பிரித்து, கீழ்ப்பாதி முக்கோணத்தில் ஒரு வர்ணம் தீட்டியிருப்பதைக் காணலாம். சிவப்பு அதிகொடிய நஞ்சு, மஞ்சள் கொடிய நஞ்சு, நீலம் நடுத்தரம், பச்சை அவற்றினும் குறைவு. பச்சை என்றால் குடித்தாலும் கேடில்லை என்று பொருளன்று. எழுதப் படிக்கத் தெரியாத வீட்டாருக்கும் இந்த நான்கு வர்ணங்களைக் காட்டிவைப்பது நலம். சீட்டுக் கிழிந்த புட்டியை இன்னதென்று ஊகித்து வைத்துக்கொள்வது வீண் துணிவு. பரணில் பல வருஷங்களாகக் கிடக்கும் பழைய புட்டிகளில் இன்று தடைசெய்யப்பட்ட மருந்துகளும் இருக்கக்கூடும். எண்டோசல்பானை உச்ச நீதிமன்றம் 2011-ஆம் வருஷமே தடைசெய்துவிட்டது. இவற்றைக் கிணற்றங்கரையிலோ வாய்க்காலிலோ கொட்டாமல், வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் காட்டி யோசனை கேட்கவேண்டும். காலியான புட்டியை மும்முறை கழுவி, அக்கழுநீரைத் தெளிக்கும் மருந்துடனேயே சேர்த்துப் பயிருக்குத் தெளித்துவிட்டு, புட்டியை ஓட்டை போட்டுவிட வேண்டும். ஓட்டையான புட்டியில் எவரும் எண்ணெய் வாங்கப் போகமாட்டார்.

சாயப் பொருள்களில் ஹைட்ரோஸ் டப்பாவுக்கு ஈரம் ஆகாது. சிறிது நீர் பட்டாலும் தானே சூடேறிப் புகைந்து தீப்பற்றக்கூடும். அதை நூல் பெட்டிக்கு அருகில், ஒழுகும் கூரையின்கீழ் வைப்பதன் விளைவைச் சொல்லத் தேவையில்லை. காஸ்டிக் சோடா பார்வைக்கு உப்பையும் கற்கண்டையும் போலிருக்கும். வாயிலிட்டால் தொண்டையும் உணவுக்குழலும் வெந்துபோகும். எவரேனும் இவற்றை உட்கொண்டுவிட்டால் புளிக்கரைசலோ சோப்பு நீரோ கொடுத்து வாந்தியெடுக்கச் செய்யலாகாது. உள்ளே சென்றபோது புண்ணாக்கியது வெளியே வரும்போதும் புண்ணாக்கும். உடனே 108-க்குத் தொலைபேசி செய்து, புட்டியையும் அதன் சீட்டையும் கையோடு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவேண்டும். இன்ன மருந்து என்று தெரிந்தால்தான் வைத்தியர் தாமதமின்றிச் சிகிச்சை செய்ய முடியும். சீட்டைக் கிழியாமல் வைக்கச் சொல்வது இதனால்தான்.

தானியத்துக்கு நம் முன்னோர் வைத்த ஒழுங்கு சிறந்தது. குதிரும் தொம்பையும் பத்தாயமும் வெறும் பாத்திரங்களல்ல. எலிக்கும் ஈரத்துக்கும் எதிரான ஏற்பாடுகள். இன்று அவை குறைந்து, சாக்கு மூட்டைகள் வந்துவிட்டன. மூட்டையைத் தரையில் படாமல் மரச் சட்டத்தின்மேல், சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி அடுக்கினால் சுற்றி வந்து பார்க்கவும் இயலும். பழைய நெல்லின்மேல் புது நெல்லைக் கொட்டுவது பெருந்தவறு. அடியிலுள்ள வண்டுகள் மேலுள்ளதற்கும் குடியேறிவிடும். அறுவடைக்கு முன் பத்தாயத்தைக் காலி செய்து, பெருக்கி, சாக்குகளை வெயிலில் உதறிக் காயவைக்கும் வழக்கத்தை விட்டுவிடலாகாது.

விதையை உணவுத் தானியத்துடன் சேர்த்து வைக்காமல் தனியே வைக்கவேண்டும். விதை நெல்லில் ஈரம் 13 சதவீதத்துக்கும், பயறு வகைகளிலும் நிலக்கடலையிலும் 9 சதவீதத்துக்கும் மேற்படலாகாது என்பது விதைச் சான்றளிப்பில் கொள்ளும் அளவு. ஈரம் ஒரு சதவீதம் குறையுந்தோறும் விதையின் ஆயுள் ஏறக்குறைய இரட்டிக்கிறது என்பது விதை நூலார் கண்ட கணக்கு. பயிரின் பெயர், ரகம், அறுவடை செய்த மாதம் ஆகிய மூன்றையும் ஓர் அட்டையில் எழுதி, ஒன்றைப் பைக்குள்ளும் ஒன்றை வெளியிலும் கட்டவேண்டும். வெளிச்சீட்டை எலி தின்றாலும் உள்சீட்டு காட்டிக்கொடுக்கும். விதைக்குப் பூச்சிமருந்து கலந்திருந்தால் அதையும் பெரிய எழுத்தில் எழுதுக. பஞ்சகாலத்தில் விதையை எடுத்துச் சமைத்தவர்கள் உண்டு. யூரியா மூட்டையும் ஈரம் இழுக்கும். அவிழ்த்த மூட்டையை இறுகக் கட்டாவிட்டால் கட்டிதட்டிப்போகும். உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் அதை வைக்கலாகாது என்பதை நான் சொல்லவேண்டியதில்லை.

பரணைப் பற்றிச் சொல்லப் புகுந்தால் வீட்டில் சண்டை வரும். ஓட்டை அண்டாவை எறியலாம் என்று ஒருவர், ஈயம் பூசினால் ஆகும் என்று மற்றொருவர். ஈயம் பூசுகிறவர் ஊருக்கு வந்து எத்தனை வருஷம் ஆயிற்று என்று கேட்டால் பதில் இராது. என் யோசனை இது: பழுது பார்த்தால் உபயோகப்படும் என்று சொல்லும் எந்தப் பொருளுக்கும் ஒரு தவணை வையுங்கள். அடுத்த பொங்கலுக்குள் பழுது பார்க்கப்படாவிட்டால், பழைய சாமான் வாங்குகிறவரிடம் எடைக்குப் போடுங்கள். பித்தளையும் செம்பும் நல்ல விலை பெறும். கழிவு நூலை இயந்திரங்களைத் துடைப்பதற்கு வாங்குகிறார்கள். சங்கத்துக் கணக்கில் சேரவேண்டிய கழிவைச் சங்கத்தில் சேர்த்துவிட்டு, தமக்குரியதை விற்கலாம். கழிசல் சாமானைச் சேர்த்து வைப்பதைச் சிக்கனம் என்று எண்ணுகிறோம். ஆனால் தறி வீட்டில் ஆறடி இடம் என்பது ஒரு இராட்டையையும் அதில் தார் சுற்றும் ஓர் ஆளையும் வைக்கும் இடம். அதை உடைந்த நாற்காலிக்கு வாடகையின்றிக் கொடுப்பது சிக்கனமாகுமா?

பழையன கழிக்கப் போகிப் பண்டிகை உண்டே என்பர். வருஷத்துக்கொரு நாள் நினைவூட்ட அது நல்லதே. ஆனால் இன்றைய பழையனவற்றில் பிளாஸ்டிக்கும் டயரும் சேர்ந்துவிட்டன. 2018-ஆம் வருஷம் போகியன்று சென்னையில் புகையும் பனியும் சேர்ந்து விமானங்கள் இறங்க முடியாமற்போயின. ஓலையையும் பாயையும் எரித்த காலத்து வழக்கத்தை ரப்பருக்கும் பிளாஸ்டிக்குக்கும் நீட்டலாகாது. மேலும், நெசவாளருக்குப் போகியைவிடப் பொருத்தமான நாள் ஒன்று உண்டு. ஒரு பாவு நெய்து முடிந்து, துணியை அறுத்தெடுத்து, அடுத்த பாவைப் பிணைக்குமுன் தறி வெறுமையாக நிற்கும் நாள் அது. அன்று அரை நாளை ஒதுக்கிக் குழியைத் துப்புரவு செய்யலாம். விழுதையும் அச்சையும் பார்த்துப் பழுது நீக்கலாம். முந்திய பாவின் மிச்ச நூலை எடை போட்டுத் தனியே கட்டி, நம்பரும் சாயமும் எழுதி வைக்கலாம். மிச்ச நூல்கள் கலந்துபோவது பெரும்பாலும் இந்த அரை நாளை மிச்சப்படுத்துவதால்தான். ஒரே நிறமாகத் தோன்றும் இரு சாயத் தொகுதிகள் ஒரே புடவையில் கலந்து பட்டை விழுந்தால், அத்துணி இரண்டாந்தரமாகக் கழிக்கப்படும். விவசாயிக்கு இதுபோன்ற நாள், அறுவடைக்கு முன் களஞ்சியம் காலியாக இருக்கும் நாள்.

காகிதங்களின் விஷயத்தில் நம் வீடுகள் மிகவும் பின்தங்கியிருக்கின்றன. பட்டா அரிசிப் பானைக்குள், குடும்ப அட்டை சாமி படத்துக்குப் பின்னால், நகைக்கடன் ரசீது சட்டைப் பையில், சங்கத்துப் பாஸ் புத்தகம் எங்கேயென்று ஈசுவரனுக்கே வெளிச்சம். இதன் விலை அவசர காலத்தில்தான் தெரியும். 2016-ஆம் வருஷம் தொடங்கிய பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், ஆலங்கட்டி மழை, வெள்ளத்தேக்கம் முதலியவற்றால் தனிப்பட்ட வயலுக்கு நேரும் நஷ்டத்தை 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்கவேண்டும். வெள்ளம் வடியாத வீட்டில் சர்வே எண்ணும் காப்பீட்டு ரசீதும் தேடி மூன்று நாள் கழிந்தால் யாரைக் குறை சொல்வது?

அதைவிட வருந்தத்தக்கது, குடும்பத் தலைவர் திடீரென்று காலமாகும் வீட்டின் நிலை. எந்த வங்கியில் கணக்கு, எந்தச் சங்கத்தில் பங்கு, எந்தச் சேமிப்புத் திட்டத்தில் சந்தா என்பது அவர் ஒருவருக்கே தெரிந்திருந்தால், மனைவியும் மக்களும் அலுவலகம் அலுவலகமாக அலையவேண்டும். பத்து வருஷம் எவரும் கேட்டு வராத வங்கி வைப்புத்தொகை ரிசர்வ் வங்கியின் தனி நிதிக்கு மாற்றப்படுகிறது. உரியவர் வந்தால் பின்னரும் திரும்பப் பெறலாம். இப்படிக் கேட்பாரற்ற கணக்குகளைத் தேடுவதற்கு 2023-ஆம் வருஷம் ரிசர்வ் வங்கி ‘உத்கம்’ என்ற இணையதளத்தையும் ஏற்படுத்தியது. ஆயினும் கணக்கு இருந்ததே தெரியாதவர் எதைத் தேடுவார்? ஆகவே ஒரு தகரப் பெட்டி, ஒரு நோட்டுப் புத்தகம் ஆகிய இரண்டும் போதும். எல்லா மூலப் பத்திரங்களும் பெட்டியில். என்னென்ன உள்ளன, எண் என்ன, வாரிசாக நியமிக்கப்பட்டவர் யார் என்பது நோட்டில். கணவனும் மனைவியும் இருவரும் அந்த நோட்டைப் படித்திருக்கவேண்டும். பல வருஷங்களுக்கு முன் தகப்பனார் பெயரை வாரிசாக எழுதிக்கொடுத்து, அவர் காலமான பிறகும் மாற்றாதிருக்கும் அங்கத்தினர்கள் எல்லாச் சங்கங்களிலும் உண்டு. அடுத்த முறை துணி கொண்டுவரும்போது பதிவேட்டில் தங்கள் பெயருக்கு எதிரே யார் பெயர் இருக்கிறதென்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளட்டும்.

அன்றாட நேரத்தைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்வேன். இது ஒவ்வொரு வீட்டுக்கும் வேறுபடும். மாலையில் விளக்கு வைத்தபின் கால் மணி நேரம் யாவரும் சேர்ந்து சாமான்களை அதனதன் இடத்தில் வைப்பதும், மறுநாளைக்கு வேண்டிய தார்களை எண்ணி வைப்பதும், காலையில் ஒரு மணி நேரத்தை மீட்டுக் கொடுக்கும். சங்கத்துக்கும் வங்கிக்கும் நியாயவிலைக் கடைக்கும் தனித்தனி நாள் போவதைவிட, நோட்டில் குறித்துக்கொண்டு ஒரே நாளில் முடிப்பது நலம். பக்கத்திலேயே கடை இருக்கும்போது, மலிவு என்ற ஒரே காரணத்துக்காக ஆறு மாதச் சாமானை வாங்கி அடைப்பதும் வேண்டாம்.

ஆனால் ‘யாவரும் சேர்ந்து’ என்ற சொல்லை அழுத்திச் சொல்லவேண்டும். நெசவாளர் வீட்டில் தார் சுற்றுவதும், பாவுக்கு உதவுவதும், சமைப்பதும், குழந்தையைப் பார்ப்பதும் பெண்களே. அவற்றின்மேல் ஒழுங்குபடுத்தும் வேலையையும் ஏற்றினால், மூன்றே நாளில் பழைய நிலை திரும்பிவிடும். தறியைச் சுற்றியுள்ளது நெய்பவர் பொறுப்பு. தெளிக்கும் மருந்தும் அதன் பூட்டும் தெளிப்பவர் பொறுப்பு. புத்தகப் பை பிள்ளைகள் பொறுப்பு. எடுத்தவரே வைக்கவேண்டும். மருந்துப் பெட்டியின் சாவி மாத்திரம் ஒருவரிடமே இருக்கட்டும். அது தொங்கும் ஆணி, தறிச் சட்டத்திலுள்ள கத்திரி ஆணியாக இல்லாமல், நிலைப்படிக்கு மேலே, எட்டு வயதுப் பிள்ளை முக்காலி போட்டு ஏறினாலும் எட்டாத உயரத்தில் இருக்கட்டும்.